கை மாத்தும் இடம்

காலை ஐந்து நாற்பதுக்கு
மரண அறிவித்தல் படிவத்தில்தான் வந்தார் யோண்பிள்ளை மாஸ்ரர்.
ஸ்காபரோவிலிருந்து மகன் அனுப்பியது,
சொல்லுக்கு இவ்வளவென்று காசும் கட்டி.
குருநகரைப் பிறப்பிடமாகவும்
கொய்யாத்தோட்டத்தை வதிவிடமாகவும் கொண்ட.
மண்டலின் என்ற சொல் அதில் இல்லை.

ஏழு மணிக்கு முகாமையாளர் போன் எடுத்தார்:
"இண்டைக்கு முழுக்க அவற்றை பாட்டுத்தான்.
விளம்பரம் மட்டும் நிக்கக்கூடாது."

கணினியில் தேடினேன்.
இரண்டு கிடந்தன.
ஒன்றில் வேறொருவர் பெயர்,
மற்றதில் "பழசு 7".
பதினொரு வருடத்தில் எத்தனை தரம் போட்டோம் என்று
அதே கணினியிடம் கேட்டேன்.
நாலு.
கேட்டிருக்கக்கூடாது.

நிரோஜினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
அவள் வழமையாகச் சிரிக்கும் இடங்களில்
மூச்சு மட்டும் கேட்டது.
"ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றாள்,
பிறகு கஸ்தூரியார் வீதி நகைக்கடை,
செய்கூலி இல்லை சேதாரம் இல்லை,
பிறகு மறுபடியும் இழப்பு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தோம்.
எட்டுச் செக்கன் சத்தமில்லாவிட்டால்
நிலையம் செத்துப்போனதென்று நினைத்து
இயந்திரம் தானே ஒரு பாட்டை எடுத்துப் போடும்.
அதை நிறுத்த மறந்துபோனேன்.
ஒன்பதாவது செக்கனில்
யாழ்ப்பாணம் முழுக்கக் குத்துப்பாட்டு.

பின்னேரம் ஓட்டோக்காரர் ஒருவர் வந்தார்,
பால்மா பைக்குள் ஒரு கசெற்.
பெயர் சொல்லவில்லை. "திருப்பித் தருவியளோ?" என்று மட்டும் கேட்டார்.
ஓம் என்றேன். வாசலில் நின்று
பேந்தும் ஒருக்கால் கேட்டார்.

ஆறரைக்கு அழைப்பு. நெல்லியடி, பவளராணி.
"தம்பி, நீங்கள் போடுற வேகம் பிழை."
நான் கருவியைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
"தொண்ணூத்தி மூண்டில கரண்டில்லை, பற்றறியும் தடை.
அண்ணன் சைக்கிளைக் கவிட்டு வச்சு
பெடலைக் கையால சுத்துவான்.
டைனமோவில ரேப் ஓடும்.
மூண்டாம் சரணத்தில அவனுக்கு வலக்கை உளையும்,
இடக்கைக்கு மாத்துவான்.
அந்த இடத்தில மாஸ்ரற்றை குரல்
ஒருக்கால் கிணத்துக்கை இறங்கி ஏறும்.
எனக்கு அதுதான் பாட்டு."

அண்ணன் இப்ப எங்கை என்று
நிரோஜினி கேட்க வாயெடுத்தாள்.
கண்ணாடிக்கு இப்பாலிருந்து
கையைக் காட்டினேன், வேண்டாம்.

கசெற்றை ஏற்கெனவே கணினியில் ஏற்றியிருந்தேன்.
வேகத்துக்கு ஒரு கட்டை இருக்கிறது,
பத்து வருடத்தில் தொட்டதில்லை.
மூன்றாம் சரணம் வந்தது.
விரலை வைத்துக் கீழே இழுத்தேன்.
மண்டலின் தந்திகள் தொய்ந்தன,
குரல் தடித்தது, ஈரமானது, கிட்டத்தட்ட நின்றது.
எவ்வளவு நேரம் தாழ்த்துவதென்று எனக்குத் தெரியாது.
ஒரு பெடியன் கை மாத்த எவ்வளவு நேரம் செல்லும்?
என் வலக்கையைக் காற்றில் சுத்தி
இடக்கைக்கு மாத்திப் பார்த்துவிட்டு
மேலே ஏற்றினேன்.

உடனே மூன்று அழைப்புகள்.
"ரேப் இழுக்குது, பாக்கிறேல்லையோ?"
முகாமையாளரும் எடுத்தார்.
பழைய ஒலிப்பதிவு, மன்னிக்கவும் என்று எல்லாருக்கும் சொன்னேன்.
நெல்லியடி இணைப்பு துண்டிக்கப்படவில்லை.
அதில் ஒரு சத்தமும் இல்லை.
தூரத்தில் ஒரு தண்ணி மோட்டர் மட்டும்.

பாட்டு முடிந்தது.
அடுத்ததை நான் தொடவில்லை.
செக்கன் முள்ளைப் பார்த்தபடி இருந்தேன்,
ஐந்து, ஆறு, ஏழு.
இயந்திரத்துக்கு ஒரு செக்கன் முந்தி
ஒலிவாங்கியைத் திறந்தேன்.
நிரோஜினி தாளை எடுத்தாள்:

"கோண்டாவில் கிழக்கைப் பிறப்பிடமாகவும்..."