கால் திருகு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு வடக்கே
என் வேன் நிற்கிறது. பக்கவாட்டில் பச்சை எழுத்து:
புகைப் பரிசோதனை, பெட்ரோல், டீசல்.
கேட் மூடினால்தான் எனக்கு வியாபாரம்.
இன்ஜினை அணைக்க மனசில்லாமல்
நாற்பது வண்டிகள் நின்று இருமும்போது
யாருக்காவது தேதி முடிந்துபோனது ஞாபகம் வரும்.

இன்று வந்தது ஒரு ஹெரால்டு.
அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி,
ஆறிய பால் நிறம்,
கதவோரம் துரு ஏடு கட்டியிருந்தது.
கூத்தாநல்லூர் ஜபருல்லா இறங்கும் முன்பே சொன்னார்:
"போட்டோ மட்டும் எடுத்து அனுப்பு,
தாள் வந்துடும்னு ஒருத்தன் சொன்னான்.
எனக்கு அது வேண்டாம். குழாயை விடும்மா.
இவ என்ன விடுறான்னு எனக்கும் தெரியணும்."

விட்டேன்.
சைலன்சருக்குள் ஒரு சாண் போயிற்று.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று
படித்துறையில் படிகள் மறைகிற வேகத்தில்
திரையில் ஏறியது:
இரண்டு. மூன்று. மூன்றரை.
நாலு புள்ளி ஆறில் போய் நின்றது.
மூன்றைத் தாண்டினால் தாள் கிடையாது.

அவர் ஒன்றும் பேசவில்லை.
அந்த வண்டிக்கு முகம் மொத்தமும்
முன்னால் கவிழ்ந்து திறக்கும்; திறந்தார்.
சட்டைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவர்.
கார்புரேட்டரில் ஒரு திருகாணி.
காதைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து,
கால் சுற்று.

குரல் மெலிந்தது வண்டிக்கு.
"நோன்பு வெச்சிருக்கா இப்ப," என்றார்.
இரண்டு புள்ளி எட்டு.

தயாரிப்பு ஆண்டு கேட்டது கம்ப்யூட்டர்.
அதன் பட்டியல் எழுபதில்தான் தொடங்குகிறது.
ஆறு வருஷம் குறைத்துப் போட்டேன்.
கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டா? ஆம், இல்லை.
இல்லை என்று அமுக்கினேன்.
அப்படி ஒன்றை
யாரும் யோசிக்காத காலத்து வண்டி என்று சொல்ல
மூன்றாவது பொத்தான் இல்லை.
பின்னால் என் ஜெனரேட்டர் கறுப்பாகத் துப்பிக்கொண்டே
பிரிண்டருக்குக் கரண்ட் கொடுத்தது.
அதற்கு இதுவரை ஒருவரும் தாள் கேட்டதில்லை.

ஆறு மாசத்துக்கு நல்லவள்
என்று அச்சடித்து வந்தது.
மடித்து, கண்ணாடி உறையில் போட்டு,
சில்லறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெல் ஏற்றிய கூட்ஸ் கடந்து முடிய
கேட் தூக்கியது. எல்லோரும் பறந்தார்கள்.
ஹெரால்டு மட்டும் எதிரே டீக்கடை நிழலில்,
மறுபடி முகம் கவிழ்த்து.
ஸ்க்ரூடிரைவர் பளிச்சென்றது.
என்னைப் பார்த்தார்; மறைக்கவில்லை.
"பாலம் ஏறாதும்மா பட்டினியில,"
என்று சாலைக்கு அப்பாலிருந்து கத்தினார்.

நான் தலையாட்டினேனா? ஞாபகமில்லை.
கையில் குழாய் இன்னும் சுட்டது.
அவர் என்னைத் தாண்டிப் போனபோது
இனிப்பாக, கனமாக ஒரு பெட்ரோல் வாசம்.
நாலரைக்குக் குறையாது,
இப்போதெல்லாம் மூக்கே சொல்லிவிடுகிறது.
ராத்திரி கைக்குட்டையில் வருகிற கறுப்புக்குத்தான்
அது எண் சொல்ல மாட்டேன் என்கிறது.

மணி அடிக்கிறது.
கேட் இறங்குகிறது.