மதகுப் பலகை

அக்டோபர் முடிந்தும் மதகை நான் அடைக்கவில்லை.
ஆர்கன்சாவின் இந்தப் பள்ளக்காட்டிலிருந்து
தண்ணீர் தன்பாட்டில்
ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்ரோல் பங்கில் டெல்பர்ட் மறித்தான்:
"வாத்து வரும் நேரத்தில் காட்டைக் காயப்போடுகிறாயே,
உன் அப்பன் வீட்டுக் காடா?"
அவன் படகு ஏற்கெனவே டிரக்கில் ஏறியிருந்தது.

ஓக் இன்னும் தூங்கவில்லை, டெல்பர்ட்.
இலையில் பச்சை இருக்கும்வரை
வேருக்கு மூச்சு வேண்டும்.
வருடா வருடம் அவசரப்பட்டு நிரப்பினோம்.
அடிமரம் யானைக்காலாய் வீங்கி
உச்சி மொட்டையாகி
போன கோடையில், காற்றே இல்லாத ஒரு மதியம்,
மூன்று பேர் கைகோத்தாலும் அடங்காத மரம்
சும்மா சாய்ந்தது.
அங்கே இப்போது முளைப்பது வேறு சாதி ஓக்.
அதன் காயைக் கையில் உருட்டிப் பார்த்தேன்.
கோலிக்குண்டை விடப் பெரிது.
பச்சைத்தலை வாத்தின் தொண்டையில் இறங்காது.

நவம்பர் பாதியில், ஓர் இரவு
யாரோ மூன்று பலகை செருகியிருந்தார்கள்.
இடுப்பளவு நீரில் நின்று உருவினேன்.
மூன்றாவதில் பழைய நீலப் பெயின்ட்,
டெல்பர்ட் வீட்டுக் கொட்டகைக் கதவின் நீலம்.
நல்ல மரம்.
வெயிலில் சாய்த்து வைத்தேன்.

டிசம்பர் எட்டு. கடைசி இலையும் விழுந்தபின்
பலகைகளை இறக்கினேன்,
நீலத்தையும் சேர்த்து.
உதிர்ந்த காய்களின் மேல்
தண்ணீர் ஓசையில்லாமல் ஏறியது.
வடக்கே ஏரிகள் உறைந்துவிட்டதாக ரேடியோ சொன்னது.
விடியுமுன் கிளைகளுக்கு மேலே சிறகுச் சத்தம்,
சுற்றிச் சுற்றி, இறங்க இடம் பார்த்து.

டெல்பர்ட் இன்னும் என்னோடு பேசவில்லை.
பலகையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.