எண்ணூறு சுற்று

நித்திரை போதவில்லை என்றால்
நிப்றாஸ் கைகாட்டுவது என் பெட்டியைத்தான்.
"அது இரையிற இரைச்சலுக்குப்
பேயும் இந்த அறையில கண் மூடாது."

நியாயம்தான். சாய்ந்தமருதில் எங்களுக்கு ஒரே அறை.
ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் மேசை.
பத்து மணிக்கு அவன் சரிய,
நான் யாரோ ஒருத்தியின் கல்யாணத்தை
வெட்டி, ஒட்டி, ஓட விடுவேன்.
மூன்று சின்ன விசிறிகளும் சேர்ந்து
மா ஆலை தொடங்கும்.
காதில் ஹெட்போன் இருப்பதால் எனக்குப் பாதிதான் கேட்கும்.
அதுவும் கச்சான் காலம்.
நடுச்சாமத்திலும் சுவர் சுடும்,
பெட்டி இன்னும் கத்தும்.

அவன் நாலரைக்கு எழும்பி
கல்முனை–கொழும்பு பஸ்ஸை எடுக்க வேண்டும்.
மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில்
போன மாதம் ஒரு கணம் கண் சொருகியதாம்.
சோறு தின்னும்போது சொன்னான்,
ஆணத்தில் உப்புக் குறைவு என்பதுபோல.

அடுத்த நாளே கல்முனைக்குப் போனேன்.

கோகுலராஜ் முதலில் எடுத்து வைத்தது
ஏழு நிறத்தில் எரிகிற விசிறி.
"நிறம் வேணாம் தம்பி, சத்தம் எவ்வளவு?"
"அட்டையில இருக்கிறத நம்பாதீங்க அக்கா,"
என்று அவரே சொன்னது பிடித்திருந்தது.
பத்தொன்பது டெசிபெல் என்பது
வெறும் மேசையில் தனியே சுழன்றபோது அளந்தது.
முன்னால் தூசு வலை வந்தால்
காற்று முட்டி முனகும்.
இதழ் அகலமாக, இடைவெளி நெருக்கமாக,
தள்ளும் பலத்தைப் பார்க்க வேணும்.
பெரியதென்றால் மெதுவாகச் சுழன்றும்
அதே காற்றைக் கொண்டுவரும்.
ஒவ்வொன்றாகக் காதோரம் பிடித்து
விரலால் சுண்டினேன்.
எங்களுடையது கடற்கரை வீடு;
உப்பு திறப்பையே தின்னும்.
மலிந்த அச்சு ஆறு மாதத்தில் கிறீச்சிடும்.
எண்ணெயில் மிதக்கும் அச்சு, நாலு ஊசி, மூன்று விசிறி:
இருபத்தோராயிரம்.
ஒரு முழுக் கல்யாணம் போயிற்று.
அந்த மாப்பிள்ளை வீட்டார் பாதிக் காசு
இன்னும் தரவில்லை என்பது வேறு கதை.

இரவு. ஆணிக்குப் பதில் றப்பர் முளை.
எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோட்டை
திரையில் நானே இழுத்து வளைத்தேன்:
எழுபதில் ஆயிரத்து நூறு.
கல்யாணத்தை ஓட விட்டேன்.
விளக்கு எரிகிறது, சத்தமில்லை.
நின்றுவிட்டதோ என்று குனிந்து
பின்னால் உள்ளங்கை வைத்தேன்.
சூடான காற்று கையைத் தள்ளிற்று.

சத்தம் காலி செய்த இடத்துக்கு
மற்றவை குடிவந்தன.
கடல்.
பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்.
தகரத்தில் பூனை.
நிப்றாஸின் குறட்டை.
பிறகு குறட்டை இல்லை.

திரும்பினேன். நெஞ்சு ஏறவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று…
திரையில் மணப்பெண் தண்ணீர் குடிக்கிறாள்…
பத்தொன்பது.
ஆழத்திலிருந்து தலை தூக்குபவன்போல
ஓர் இழுப்பு.
எழும்பவில்லை. மறுபடி குறட்டை.
ஐந்து நிமிடத்தில் மறுபடி
ஒன்று, இரண்டு, மூன்று.

நாலு வருடம் அந்த இரைச்சல்
இதன்மேல் போர்த்திக் கிடந்திருக்கிறது.

மைக்கை எடுத்துக் கட்டில் பக்கம் திருப்பினேன்.
ஆயிரத்து நூறும் இப்போது அதிகமாகப் பட்டது.
எண்ணூறுக்கு இறக்கினேன்.
சூடு எண்பத்திரண்டு.
கிடக்கட்டும்.

விடியமுன் சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தான்.
"ராவு நல்ல அமைதி.
ஆனா தலை பாரமாத்தான் கிடக்கு."
"இதப் பாருங்க" என்று திரையைத் திருப்பினேன்.
மலை மலையாய் ஒலி,
நடுவே துடைத்துவிட்டதுபோல் ஒரு நேர்கோடு.
மலை, கோடு.
மலை, கோடு.

பஸ் திறப்பு அவன் கையில் தொங்கியது.
நேர்கோட்டின்மேல் விரலை வைத்தான்.
"இதுல நான் எங்க?"

நான் பேசவில்லை.
விசிறிகளும் பேசவில்லை.

"றஊப் காக்காவுக்குக் கோல் எடு," என்றான்.
"இண்டைக்கு அவர் ஓட்டட்டும்."