ஒன்பதாவது கிண்ணம்

ஏற்காட்டில் அன்று மாலை ஏரியே தெரியவில்லை.
ஹோட்டல் வாசலில் ஒரு ரெக்சின் டிராகன்
நனைந்துகொண்டிருந்தது.
'பேரரசர் விருந்து. ஒன்பது வகை. வரி தனி.'
முதலாளி அர்த்தநாரி வரியை மட்டும்
இரண்டு முறை படித்தார்.

கணக்கெழுதுகிறவள் நான்.
மொழிபெயர்க்கக் கைபேசி இருக்கிறதென்று
கூட்டி வந்திருந்தார்கள்.
கிழங்கு அரைக்கும் எந்திரம் பூட்ட
குவாங்ஷியிலிருந்து வந்த லியாவ்
பதினேழு நாளாய் எங்கள் ஆலையில்
தயிர்சாதமும் பிஸ்கட்டுமாய் ஓட்டியவர்.
'அவர் ஊர்ச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பணும்.'

வாத்து வந்தது.
தோல் தனி, கறி தனி,
பக்கத்தில் தோசைக்குப் பங்காளிபோல்
மெல்லிசாய் ஒரு ரொட்டி.
'எந்த ராஜா தின்னது, கேளு.'
கேட்டேன்.
லியாவ் நெடுநேரம் பேசினார்.
கைபேசி சுருக்கமாய்ச் சொன்னது:
'எனக்கும் இதுதான் முதல் தடவை.
எங்கள் வீட்டில் மரவள்ளிக் கஞ்சி.'

முதலாளி ரொட்டியைக் கீழே வைத்தார்.
என்ன ரகம், எத்தனை மாசம்,
மாவுப்பூச்சி உண்டா,
பாயிண்ட் எவ்வளவு நிற்கும்?
கைபேசி சூடாகிவிட்டது.
வாத்து ஆறிவிட்டது.
சமையலறைக் கதவிடுக்கில் காலிம்போங் பையன்
எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவதாய் இனிப்பு.
தாமரை விதை, பேரீச்சை, நடுவில் கண்ணாடி முத்துகள்.
முதலாளி ஒன்றை எடுத்து
விரலிடையில் நசுக்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
'நம்ம சரக்கு. ரெண்டாம் தரம்.'
இதைச் சொல்லச் சொல்லவில்லை.
சொன்னேன்.
லியாவ் தன் கிண்ணத்திலிருந்தும் ஒன்றை எடுத்து
நசுக்கிப் பார்த்தார்.

பிறகு, பையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்த
கறுத்த இலையில் தேநீர்.
மழை நாளில் குடோன் திறந்த வாசம்.
'பால்?' என்றார் முதலாளி. யாரும் பதில் சொல்லவில்லை.
அவர் ஊற்ற ஊற்ற
லியாவ் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.
போதும்போல என்று நிறுத்தினார்.
கோப்பை பாதி. மறுபடி ஊற்றினார்.
மறுபடி தட்டல்.

விசாரித்ததில்:
மாறுவேடத்தில் போன அரசன் ஒருவன்
சேவகனுக்குத் தேநீர் ஊற்றினானாம்.
விழுந்து கும்பிட்டால் குட்டு உடையும்.
சேவகன் விரல்களை மடக்கி
மேசைமேல் மண்டியிட வைத்தானாம்.
நன்றி சொல்ல இன்றும் அப்படித்தானாம்.

'அப்ப ஊத்துனவன் ராஜாவா?'
முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பில் வந்தது.
ராஜா மூன்றாம் முறையாக
வரியைப் படித்தார்.

மறுநாள் ஆலையில்
டீக்கார செங்கோடன் சாய்த்து ஊற்றும்போது
அவரது இரண்டு விரல்கள் மெல்ல மேசையைத் தட்டின.
போதுமென்கிறார் என்று நினைத்து
அவன் பாதியில் நிறுத்திவிட்டான்.