ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

திபிலிசியின் வடகோடி, க்ல்தானியில்
பதினாறு மாடிக் கட்டடம்.
பத்து தெத்ரி நாணயம் போட்டால்தான்
அசையும் லிஃப்ட்.
அதன் நெற்றியில் தகரப் பட்டை:
முந்நூற்று இருபது கிலோ, அதற்கு மேல் இல்லை.

ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அறுபத்தொன்று.
அதைத் தூக்கி வந்த இரண்டு பேர்.
மல்காஸ் தொண்ணூற்றிரண்டு என்றார்.
வாஜா, சற்று யோசித்து, எண்பத்தாறு என்றார்.
வாசலில் மூன்று மூட்டை உருளைக்கிழங்கு,
மூட்டைக்கு இருபது கிலோ.
தம்தா, எட்டாம் வகுப்பு,
புத்தகப் பையோடு நாற்பத்து மூன்று.

"எத்தனை மூட்டை ஏற்றலாம், கணக்குப்புலி?"

கதவை ஒரு காலால் தடுத்தபடி
உள்ளங்கையில் எழுதினாள்:
20x + 282 ≤ 320.
இருநூற்று எண்பத்திரண்டை இரு பக்கமும் கழித்தாள்.
20x ≤ 38.
இருபதால் வகுத்தாள்.
x ≤ 1.9.

"அப்போ ரெண்டு" என்றார் மல்காஸ்.
"ஒண்ணு."
"புள்ளி ஒன்பதுதானே? கிட்டத்தட்ட..."
கிட்டத்தட்ட என்று ஒரு குறி
கணக்கில் உண்டு. இங்கே இல்லை.

ஒரு மூட்டை ஏறியது.
லிஃப்ட் கத்தியது.

தம்தா பட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்,
கழித்ததைக் கூட்டிப் பார்த்தாள்.
முந்நூற்று இரண்டுதான் வருகிறது.
அப்படியானால் சொல்லாத எடை ஒன்று
இந்தப் பெட்டிக்குள் நிற்கிறது.
அது p என்றால், p > 18.
யாருடையது என்று
அசமன்பாடு காட்டிக்கொடுப்பதில்லை.
அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.
இறங்கிக்கொண்டாள்.

கத்தல் நின்றது. கதவு மூடியது.
p ≤ 61, என்று முதல் படியில் நினைத்துக்கொண்டாள்.

நான்காம் மாடியில் அவள் மூச்சு வாங்கும்போது
மின்சாரம் போனது.

"எங்கே இருக்கீங்க?"
சுவருக்குள்ளிருந்து மல்காஸ்:
"ஐந்தைத் தாண்டியாச்சு. ஆறு வரலை."
5 < x < 6.
இரண்டு முனையிலும் வெற்று வட்டம்.
எந்தக் கதவுக்கும் நேராக இல்லை.

ஆறாம் மாடிப் படியில் உட்கார்ந்தாள்.
"ஏதாவது பேசு, பெண்ணே" என்றது வாஜாவின் குரல்,
தூக்குகிறவன் குரல் அல்ல, அடைபட்டவன் குரல்.
பேச வேறெதுவும் இல்லாததால்
வீட்டுப்பாடத்தை வாசித்தாள்:
"மைனஸ் நாலு x, இருபதைவிடப் பெரிசு."

வெகுநேரம் கழித்து: "x, மைனஸ் ஐந்தைவிடப் பெரிசு."
"நானும் அப்படித்தான் எழுதினேன். சிவப்புப் பேனா.
பூச்சியத்தைப் போட்டுப் பாருங்க."
"பூச்சியம்... பெரிசா, இருபதைவிட?
இல்லையே."

உள்ளே கைபேசி வெளிச்சம் போலிருந்தது,
கதவிடுக்கில் மெல்லிய கோடு.
"இங்கே ஒரு கண்ணாடி இருக்கு" என்றார் வாஜா.
"மல்காஸ் எனக்கு வலப்பக்கம்.
கண்ணாடியில் இருக்கிறவனுக்கு இடப்பக்கம்."
ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை.
"மைனஸால் வகுத்தா, கண்ணாடிக்குள்ளே போயிடறோம்.
வாய் அந்தப் பக்கம் திரும்பணும்.
x, மைனஸ் ஐந்தைவிடச் சின்னது."

தம்தா குறியைத் திருப்பி எழுதினாள்.
பேனா முனையில் மாட்டிக்கொண்டிருந்த ஏதோ
காகிதத்தில் இறங்கியது.
மைனஸ் ஆறைப் போட்டாள்: இருபத்து நாலு. சரி.
மைனஸ் ஐந்தையே போட்டாள்:
இருபது, இருபதைவிடப் பெரிதில்லை.
எண்கோட்டில் வட்டத்தை நிரப்பாமல் விட்டாள்.

விளக்கு வந்தது.
ஒன்பதாம் மாடியில் அவள் போய்ச் சேரும்போது
இயந்திரம் வெளியே நின்றது, மூட்டையும்.
மல்காஸ் மணியடித்துக்கொண்டிருந்தார்.
வாஜா குனிந்து, கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில்,
அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நூற்றியெட்டு."

p = 22.