ஜனவரி ஒன்று, எழுபது

மேகத்தைத் தூது விட்டவர்கள் உண்டு.
நான் மேகத்துக்கே தூது விடுகிறேன்,
பதினோரு நாளாய்.
தூதன் தீப்பெட்டி அகலம். பச்சை நிறம்.
மஞ்சள் பெட்டிக்குள், ஒரு கம்பத்தில்,
உறைந்த பால்டிக் கடலின் நடுவே நிற்கிறான்.
இங்கிருந்து தீவுக்கு நாலு கிலோமீட்டர்.
எஸ்டோனியக் கரைக்கும் நாலு.

அவன் சொல்ல வேண்டியது ஒரே ஓர் எண்:
காலடியில் பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர்.
இருபத்திரண்டைத் தாண்டினால்
மெர்லே பனிச்சாலையைத் திறப்பாள்.
எண் வராதவரை சங்கிலி, பூட்டு.

"இன்னும் வரலை" என்கிறாள் தொலைபேசியில்.
அவளுக்குப் பின்னால் காபி இயந்திரம் இரைகிறது.
எனக்கு இங்கே மைனஸ் பத்தொன்பது.

முதலில் சிம்மைச் சந்தேகித்தேன்.
எடுத்து, ஊதி, திரும்பச் செருகினேன்;
ஊதியதில் அதன்மேல் உறைபனி பூத்ததுதான் மிச்சம்.
ஆன்டெனாவைத் தீவுப் பக்கம் திருப்பினேன்.
மூன்று கோடு சிக்னல், குறையில்லை.
கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாய் வாய்விட்டுப் படித்தேன்,
கடலுக்கு. வேறு யாரும் கேட்கவில்லை,
ஹெல்டுரைத் தவிர.
சென்சார் கம்பியை மல்டிமீட்டரால் தொட்டேன்:
உயிர் இருக்கிறது.
கையுறை கழற்றிய என் விரலில்தான் இல்லை.

அளக்கிறான். குறித்துவைக்கிறான்.
கதவைத் தட்டுகிறான். கதவு சாத்திக்கொள்கிறது.
கொஞ்சம் தூங்கி எழுந்து மறுபடி தட்டுகிறான்,
அவமானம் அறியாதவன்.

ஹெல்டுர் என்னை ஸ்லெட்ஜில் கொண்டுவந்தவன்.
தீவில் அவனுக்கு முப்பத்தொரு மாடு,
கரையில் ஒரு லாரி வைக்கோல்.
காலையிலேயே துளைபோட்டு அளந்துவிட்டான்.
"என் துளை இருபத்தேழுங்குது.
துளைக்குக் கடவுச்சொல் வேண்டாம்."

மடிக்கணினியை முழங்காலில் வைத்து
வரி வரியாய் வாசித்தேன்:
இணைந்தது. முகவரி கிடைத்தது. சான்றிதழ் செல்லாது.
இணைந்தது. முகவரி கிடைத்தது. சான்றிதழ் செல்லாது.
ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு தேதி.
பக்க எண்ணைத் தாண்டுவதுபோல்
பதினோரு நாளாய்த் தாண்டியிருக்கிறேன்.

ஹெல்டுர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"ஜனவரி ஒன்னு, எழுபதா?
அப்போ இது எல்லைக் காவல் பகுதி.
தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேணும்.
சீட்டு இருந்தாலும் தேதி இன்னும் தொடங்கலைன்னு
எங்கம்மாவை, அவ அக்கா கல்யாணத்துக்கே
திருப்பி அனுப்பினாங்க."

சிரிக்க வாயெடுத்தேன்.
வாய் அப்படியே நின்றது.

பலகையின் ஓரத்தில் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி.
குளிரில் செத்திருக்கிறது.
அது செத்த நாள் முதல்
ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும்
இவனுக்கு ஆண்டு எழுபதுதான்.
மேகம் நீட்டிய சான்றிதழோ போன மார்ச்சில் பிறந்தது.
பிறக்காத ஒன்றை எப்படி நம்புவான்?
கதவைச் சாத்தியது மேகமல்ல,
இவன்தான்.
பதினோரு நாள் திட்டியதை
மேலே பார்த்து மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
மேலே ஒரு துண்டு மேகமும் இல்லை.

மூன்று வரி சேர்த்தேன்:
விழித்ததும் கோபுரத்திடம் மணி கேள்,
அப்புறம் தட்டு.
மாற்றுப் பேட்டரி என்னிடம் இல்லை.
ஹெல்டுர் லாரிச் சாவியைப் பல்லால் பிளந்து
அதிலிருந்ததை நீட்டினான்; இளஞ்சூடாய் இருந்தது.

"வருது," என்றாள் மெர்லே. பிறகு, "இது என்ன?"
சேர்த்துவைத்த அத்தனையையும்
ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறான்.
அவள் திரையின் இடது ஓரத்தில், எழுபதில்,
பதினான்கிலிருந்து இருபத்தேழுவரை
பதினோரு நாள் குளிர்
செங்குத்தாய் ஒரே கோடு.
பிறகு அரை நூற்றாண்டு வெறுமை.
வலது ஓரத்தில் ஒற்றைப் புள்ளி, இன்றையது.
"பழசை அழிச்சிடவா?"
"அளவு சரிதான் மெர்லே. தேதிதான் தப்பு."

சங்கிலி அவிழ்ந்தபோது மணி மூன்று,
வெளிச்சம் மங்கிவிட்டது.
கரையில் ஹெல்டுர் பழக்கத்தில்
சாவியை லாரியை நோக்கி அழுத்தினான்.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொரு முறை அழுத்தினான்.
பிறகு பூட்டின் துளையைத் தேடி
உறைபனியைக் கட்டைவிரலால் தேய்க்கத் தொடங்கினான்.