பதிவேட்டில் ஒரு காலிக் கட்டம்

மொந்தெவிதேயோவில் ஜூலைக் குளிர்.
அதிபர் மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரே ஹீட்டர்,
அதுவும் என் பக்கம் திரும்பாது.
ஒன்பது மணிக்குச் சாக்கு வந்துவிடும்.
உறையைக் கிழிப்பது என் வேலை.
படிப்பது அதில் சேராது; படிப்பேன்.

தக்குவாரெம்போவிலிருந்து ஒருவர்
செத்த பசுவின் காது வில்லையைக்
கடிதத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார்.
ஒரு பல் மருத்துவர், தன் கவிதைகள், முப்பத்தொரு பக்கம்.
"மேதகு" என்று தொடங்கி
மூன்றாம் வரியில் "அட திருடா" என்பவர்களுக்கு
ஏனோ கையெழுத்து நன்றாயிருக்கிறது.

அமைச்சர்களின் கடிதம் சாக்கில் வராது.
கெட்டித் தாளில், ஆள் கையில் வரும்.
"தங்கள் தலைமையின் கீழ்" என்று
ஒரே பக்கத்தில் ஐந்து முறை எழுதியிருந்தார் இரிகராய்.
ராஜினாமா என்பது கடைசி வரியில்தான் தெரிந்தது.

அன்றைக்கே பைசாந்துவிலிருந்து ஒதிலியா பெர்ருத்தி.
பாலத்து விளக்குக்காகப் பதினான்கு மாதம் எழுதியவர்.
"விளக்கு எரிகிறது. இனி கேட்க ஒன்றுமில்லை.
மாதக் கடைசியானால் கை பேனாவைத் தேடுகிறது, அதனால் இது.
நேற்று டிவியில் பார்த்தேன்,
உங்கள் சட்டைக் காலர் கழுத்தைவிடப் பெரிதாகிவிட்டது.
சாப்பிடுகிறீர்களா?"

எதை மேலே வைப்பது?
விதிப்படி அமைச்சருடையதை.
வைத்தேன்.

சாயங்காலம் கோப்பு திரும்பியது.
ராஜினாமாவின் ஓரத்தில் சிவப்பு மையில்
"பார்த்தேன்."
வில்லை இருந்தது, பல் மருத்துவர் இருந்தார்.
ஒதிலியாவின் கடிதம் இல்லை.

பதிவேட்டில் அதன் எண்ணுக்கு நேரே
என்ன எழுதுவதென்று
மேலே போய்க் கேட்கலாம்.
படியேறும் தூரம்தான்.
கேட்கவில்லை.